மூன்றாம் இலக்கச் சட்டை: ட்ராஷென் பெட்ரோவிச்சின் 28 வருடங்கள்

இன்றைக்கு என்.பி.ஏ. பார்க்கிற யாரிடமும் போய், "ஐரோப்பாக்காரருக்கு பாஸ்கெட்போல் சரிவருமா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். 2019இலும் 2020இலும் அந்த லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் விருதை எடுத்தவர் கிரேக்கத்தில் வளர்ந்த யானிஸ் அன்டெட்டோகும்போ. 2021, 2022, 2024 என்று மூன்று தடவை எடுத்தவர் சேர்பியாவின் சொம்போர் என்ற பட்டினத்து நிக்கோலா யோக்கிச். ஸ்லோவேனியாவின் லூக்கா டொன்சிச் 19 வயதில் போய் இறங்கினவுடனேயே ஒரு அணியின் முழுப் பொறுப்பையும் அவரது கையில் கொடுத்துவிட்டார்கள்.

1989இல் இது பகிடியான கேள்வி இல்லை. அப்போது ஐரோப்பாவிலேயே ஆகச் சிறந்த பின்வரிசை வீரர் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒருவர், 25 வயதில், ஐரோப்பாவில் எடுக்கக்கூடிய கிண்ணங்களையெல்லாம் எடுத்துவிட்டு அமெரிக்கா போனார். போனவரை வாங்கில் இருத்தினார்கள். ஒரு மட்ச்சுக்கு சராசரியாக 12 நிமிடம்தான் விளையாட விட்டார்கள். அவர்தான் ட்ராஷென் பெட்ரோவிச்.

அவருடைய கதையை வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்லுவார்கள். ஒன்று, வாங்கில் இருந்தவன் எழும்பி நட்சத்திரமான கதை. மற்றது, போர் பிரித்த இரண்டு நண்பர்களின் கதை. இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும்போது நடுவில் ஒரு விஷயம் விழுந்துவிடுகிறது. அவர் எந்த நாட்டுக்காக விளையாடி உலகக் கிண்ணம் எடுத்தாரோ அந்த நாடு, அவர் உயிரோடு இருக்கும்போதே இல்லாமல் போய்விட்டது. அந்த நடுப்பகுதியைப் பற்றித்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

ஷிபெனிக்கும் ஹோல் திறப்பும்

பெட்ரோவிச் பிறந்தது 1964 ஒக்டோபர் 22இல், அட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள ஷிபெனிக் என்ற துறைமுக நகரத்தில். இன்றைக்கு அது குரோஷியா. அன்றைக்கு யூகோஸ்லாவியக் கூட்டாட்சியின் ஆறு குடியரசுகளில் ஒன்றான குரோஷியக் குடியரசு. தகப்பன் யோவான், ஹெர்செகோவினாப் பக்கத்தில் இருந்து வந்த சேர்பியர், பொலிஸ் உத்தியோகத்தர். தாய் பிஸேர்க்கா, குரோஷியர், நூலகத்தில் வேலை செய்தவர். மூத்த மகன் அலெக்சாண்டர், எல்லாரும் கூப்பிடுவது அட்சோ என்று. அவரும் கூடைப்பந்து வீரர்தான். அண்ணாவைப் பார்த்துத்தான் தம்பி பந்தைத் தொட்டான்.

இந்தக் கலப்புத் திருமணத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1964இல் இது ஒரு விசேஷமான செய்தியே இல்லை. டிட்டோவின் யூகோஸ்லாவியா "சகோதரத்துவமும் ஒற்றுமையும்" என்பதைத் தன் உத்தியோகபூர்வ சுலோகமாக வைத்திருந்த நாடு. நகரங்களில் இப்படியான குடும்பங்கள் ஏராளம். 1991இல்தான் இது ஒரு கேள்வியாக மாறியது.

ட்ராஷென் பிறவியிலேயே பெரிய உடல்திறனோடு வந்த ஆள் இல்லை. மிக வேகமும் இல்லை, பெரிதாகப் பாயவும் மாட்டார். ஆளிடம் இருந்தது பயிற்சி. உள்ளூர் விளையாட்டு ஹோலின் திறப்பு அவரிடம் இருந்தது. பள்ளிக்கூடம் தொடங்க முதல், விடியப்புறம் தனியாகப் போய்க் கதவைத் திறந்து, நூற்றுக்கணக்கில் பந்தை எறிந்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார் என்று ஊரில் எல்லாரும் சொல்லுவார்கள். கதிரைகளை வரிசையாக வைத்து, அவற்றை எதிராளிகளாக நினைத்துப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவாராம். 15 வயதில் ஷிபென்கா கழகத்தின் முதல் அணிக்கு வந்துவிட்டார். அந்தச் சின்ன நகரத்துக் கழகம் 1982இலும் 1983இலும் ஐரோப்பாவின் கோராச் கிண்ண இறுதிப்போட்டி வரைக்கும் போனது. இரண்டு முறையும் பிரான்சின் லிமோஷ் கழகத்திடம் தோற்றது.

1983 ஏப்ரல் 9ஆம் திகதி நடந்தது இன்னும் பெரிய விஷயம். யூகோஸ்லாவிய லீக்கின் இறுதி ஆட்டம். ஷிபென்காவும் சரஜேவோவின் பொஸ்னா கழகமும். ஒரு புள்ளியால் ஷிபென்கா பின்னுக்கு நிற்கிறது, நேரம் முடிகிற கணத்தில் பெட்ரோவிச் மீது ஃபவுல் என்று நடுவர் கை காட்டுகிறார். கடிகாரம் பூச்சியம். 18 வயதுப் பெடியன் தனியாக நின்று இரண்டு பிரீ த்ரோவையும் போடுகிறான். 83–82. நகரமே தெருவுக்கு வந்து கொண்டாடுகிறது. அடுத்த நாள் சம்மேளனம் அந்த முடிவை ரத்துச் செய்தது. கடைசி ஃபவுல் முறைப்படி வழங்கப்படவில்லை, நோவி சாட்டில் திரும்ப விளையாடுங்கள் என்றது. ஷிபென்கா போகவில்லை. கிண்ணம் பொஸ்னாவுக்குப் போனது.

சிலர் இதை இப்போது குரோஷிய – யூகோஸ்லாவியப் பிரச்சினையின் முன்கதையாகச் சொல்லப் பார்ப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு இது நடுவர் பிரச்சினை, சின்ன ஊர் – பெரிய ஊர் பிரச்சினை. பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு முன்னால் நடந்ததை வாசிக்கும்போது எல்லாமே அறிகுறியாகத் தெரியும். வரலாற்றில் இது வழக்கமான பொறி.

சிபோனாவும் 112 புள்ளியும்

ஒரு வருடம் கட்டாய இராணுவ சேவை. 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவுக்கு வெண்கலம். அதன்பிறகு அண்ணா விளையாடிக்கொண்டிருந்த சாக்ரெப்பின் சிபோனா கழகத்துக்கு மாறினார். முதல் வருடமே லீக், தேசியக் கிண்ணம், ஐரோப்பியச் சம்பியன் கிண்ணம் மூன்றும் சிபோனாவுக்கு. 1985இல் ஏதென்ஸில் நடந்த ஐரோப்பிய இறுதிப்போட்டியில் ரியல் மட்ரிட்டை 87–78 என்று வென்றார்கள். பெட்ரோவிச் தனியாக 36 புள்ளி. அடுத்த வருடம் புடாபெஸ்டில் எதிராளி லிதுவேனியாவின் ஷல்கிரிஸ். அந்த அணியில் அர்விடாஸ் சபோனிஸ் என்ற இராட்சதர். சிபோனா வீரர் ஒருவருக்குக் குத்தியதற்காக சபோனிஸ் வெளியேற்றப்பட்டார், 94–82 என்று சிபோனாவுக்கு இரண்டாவது கிண்ணம்.

அவரைப் பற்றிய எந்தப் பட்டியலிலும் ஒரு எண் கட்டாயம் வரும். 1985 ஒக்டோபர் 5, ஒலிம்பியா லியுப்லியானாவுக்கு எதிராக ஒரே மட்ச்சில் 112 புள்ளி. கேட்கத் தலை சுற்றும். ஆனால் முழுக்கதை தெரியவேண்டும். அன்றைக்கு ஒலிம்பியாவின் பெரிய வீரர்களின் பதிவில் சிக்கல் வந்ததால் அவர்கள் இளையோர் அணியை இறக்கியிருந்தார்கள். வளர்ந்த ஆள் சின்னப் பெடியளுக்கு எதிராக எடுத்த புள்ளிகள் அவை. 112 என்ற எண் பொய் இல்லை, ஆனால் தனியாக நிற்கும்போது அது பொய்யான ஒரு படத்தைத் தருகிறது. அவருடைய பெருமைக்கு நியாயமான சாட்சி வேண்டுமென்றால் 1989 மார்ச்சுக்குப் போகலாம். அப்போது ரியல் மட்ரிட்டில் விளையாடிக்கொண்டிருந்தார். கிண்ணவெற்றியாளர் கிண்ண இறுதிப்போட்டி, திரும்பவும் ஏதென்ஸ், எதிராளி இத்தாலியின் கஸேர்ட்டா. அந்தப் பக்கம் பிரேசிலின் ஒஸ்கார் ஷ்மிட் 44 புள்ளி எடுத்தார். மேலதிக நேரம் வரைக்கும் போன ஆட்டத்தில் மட்ரிட் 117–113 என்று வென்றது. பெட்ரோவிச்சின் பங்கு 62.

அந்தக் காலத்துப் பெட்ரோவிச்சை எல்லாருக்கும் பிடிக்காது என்பதையும் சொல்லவேண்டும். பந்தைப் போட்டுவிட்டுக் கைகளை விரித்துக்கொண்டு ஓடுவார். எதிராளிகளைச் சீண்டுவார். எதிரணி ரசிகர்களுக்கு அவரைக் கண்டாலே பத்தும். மட்ரிட் ரசிகர்களே சிபோனாக் காலத்தில் அவரை வெறுத்துவிட்டு, பிறகு தங்கட அணிக்கு வந்தவுடன் தலையில் தூக்கி வைத்தவர்கள்தான்.

ஒரு அணி, ஒரு அறை

1986இல் போர்ட்லாண்ட் அணி என்.பி.ஏ. ட்ராஃப்டில் மூன்றாவது சுற்றில், 60ஆவது ஆளாக அவரைத் தெரிவு செய்து வைத்திருந்தது. ஆனால் அவர் உடனே போகவில்லை. தேசிய அணியில் அப்போது நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தால் அதற்குக் காரணம் விளங்கும்.

பெட்ரோவிச், டோனி கூக்கோச், டினோ ராட்ஜா குரோஷியர்கள். விளாடே டிவாட்ஸ், ஷார்க்கோ பஸ்பால்ய் முறையே சேர்பியா, மொன்டெனெக்ரோவில் பிறந்தவர்கள். யூரே ஸ்டோவ்ட்ஸ் ஸ்லோவேனியர். இவர்கள் எல்லாரும் ஒரே சட்டையில். 1988 சோல் ஒலிம்பிக்கில் வெள்ளி. 1989இல் சாக்ரெப்பில் நடந்த ஐரோப்பியச் சம்பியன்ஷிப்பில் தங்கம், பெட்ரோவிச் தொடரின் சிறந்த வீரர். 1990 ஒகஸ்டில் புவனஸ் அயர்ஸில் உலகச் சம்பியன்கள், இறுதியில் சோவியத் யூனியனை 92–75 என்று வென்று.

தேசிய அணியில் பெட்ரோவிச்சும் டிவாட்ஸும் ஒரே அறை. டிவாட்ஸ் நான்கு வயது இளையவர், தென்மேற்கு சேர்பியாவின் பிரியெபோல்யெ என்ற ஊர். 1989இல் இருவரும் ஒரே நேரத்தில் அமெரிக்கா போனார்கள். டிவாட்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்கு, பெட்ரோவிச் போர்ட்லாண்டுக்கு. அதே வருடம் லிதுவேனியாவின் மார்ச்சுலியோனிஸ், உக்ரேனின் வோல்கொவ், பஸ்பால்ய் என்று இன்னும் மூன்று பேரும் கிழக்கு ஐரோப்பாவில் இருந்து என்.பி.ஏ.க்குள் போனார்கள். எல்லாரும் ஒரே வருடம் போனது தற்செயல் இல்லை. அந்த வருடம் ஏப்ரலில்தான் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் தொழில்முறை வீரர்களும் தேசிய அணிகளுக்கு விளையாடலாம் என்று விதியை மாற்றியது. அதற்கு முதல் என்.பி.ஏ.க்குப் போனால் தேசிய அணியை மறக்கவேண்டியதுதான். அதோடு கிழக்கு ஐரோப்பாவின் கதவுகளும் அந்த வருடம்தான் திறந்துகொண்டிருந்தன.

போர்ட்லாண்டில் கிளைட் ட்ரெக்ஸ்லர், டெரி போர்ட்டர் என்ற இரண்டு பேர் பின்வரிசையில் அசைக்கமுடியாமல் இருந்தார்கள். அணியும் நன்றாக வென்றுகொண்டிருந்தது, 1990 இறுதிச் சுற்று வரைக்கும் போனது. கோச்சுக்கு எதையும் மாற்றவேண்டிய தேவை இல்லை. பெட்ரோவிச்சுக்குத் தடுப்பாட்டம் வராது என்பதுதான் அங்கே எல்லாரும் சொன்ன காரணம். அது முழுக்கப் பொய்யும் இல்லை. ஆனால் "ஐரோப்பாக்காரர் மென்மையானவர்கள்" என்ற பழைய எண்ணமும் சேர்ந்தே வேலை செய்தது. அந்த முதல் வருடத்தில் தாங்கள் இருவரும் நாளாந்தம் தொலைபேசியில் கதைத்ததாக டிவாட்ஸ் பிறகு சொல்லியிருக்கிறார். ஒருவருக்கு ஆங்கிலம் வராது. மற்றவருக்கு விளையாட விடுகிறார்கள் இல்லை. இருவருக்கும் தனிமை.

கொடி

1990இல் யூகோஸ்லாவியாவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் அடுத்த விஷயத்தைச் சொல்ல முடியாது. அந்த வருடம் ஏப்ரல் – மே மாதங்களில் குரோஷியாவில் நடந்த பலகட்சித் தேர்தலில் ஃபிரான்யோ டுட்ஜ்மனின் தேசியவாதக் கட்சி வென்றது. மே 13ஆம் திகதி சாக்ரெப்பில் டினமோ கழகத்துக்கும் பெல்கிரேட்டின் சிவப்பு நட்சத்திரக் கழகத்துக்கும் இடையிலான உதைபந்தாட்டம் கலவரத்தில் முடிந்தது. ஒகஸ்ட் 17இல் ஷிபெனிக்கில் இருந்து உள்நாட்டுப் பக்கமாக இருக்கிற க்னின் நகரத்தில், சேர்பியர்கள் மரக்குற்றிகளைப் போட்டு வீதிகளை மறித்தார்கள். புதிய குரோஷிய அரசின் கீழ் தங்களுக்கு என்ன நடக்கும் என்ற பயமும், பெல்கிரேட்டில் மிலோஷெவிச் அந்தப் பயத்தை ஊதிப் பெருக்கியதும் அதன் பின்னணி.

மரக்குற்றிகள் விழுந்து ஓரிரு நாட்களுக்குள், பூமியின் மற்றப் பக்கத்தில், புவனஸ் அயர்ஸில் உலகக் கிண்ண இறுதிப்போட்டி. யூகோஸ்லாவியா வென்றது. வீரர்கள் துள்ளிக் கொண்டாடும்போது ஒரு ரசிகர் குரோஷியக் கொடியோடு மைதானத்துக்குள் ஓடி வந்தார். டிவாட்ஸ் அதைப் பறித்தார்.

சில விநாடிகள்தான். டிவாட்ஸின் விளக்கம் இது: வென்றது யூகோஸ்லாவியா, எந்தக் குடியரசின் கொடியும் அங்கே வரக்கூடாது, சேர்பியக் கொடி வந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அவர் மனதில் அப்படித்தான் இருந்திருக்கலாம். ஆனால் படம் மனதைக் காட்டாது. ஒரு சேர்பியன் குரோஷியக் கொடியைப் பறிக்கிறான் என்பதைத்தான் அது காட்டும். சேர்பியாவில் அவர் வீரனானார், குரோஷியாவில் துரோகியானார். அவர் கேட்டு வாங்கிய பட்டங்கள் இல்லை இரண்டும்.

பெட்ரோவிச் விலகத் தொடங்கினார். தொலைபேசி அழைப்புகள் குறைந்து, நின்றுபோயின. 1991 ஜூன் 25இல் குரோஷியாவும் ஸ்லோவேனியாவும் சுதந்திரப் பிரகடனம் செய்தன. அதே நேரம் ரோமில் ஐரோப்பியச் சம்பியன்ஷிப் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோவிச் அந்த அணியில் இல்லை. ஸ்லோவேனிய அரசு கேட்டுக்கொண்டதால் ஸ்டோவ்ட்ஸ் தொடரின் நடுவிலேயே அணியை விட்டுப் போனார். மிச்சமிருந்தவர்கள் தங்கம் எடுத்தார்கள். அந்த யூகோஸ்லாவியா எடுத்த கடைசித் தங்கம் அது. செப்டெம்பரில் ஷிபெனிக் நகரம் தாக்கப்பட்டது. நவம்பரில் வுக்கோவார் விழுந்தது.

இங்கேதான் அந்தக் கலப்புத் திருமணம் திரும்ப வருகிறது. சேர்பியத் தகப்பனின் மகன் குரோஷியாவின் முகமாக மாறுகிறான். இது முரண்பாடு என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவருடைய ஊர் எரிந்தது, அவருடைய தாய், சிநேகிதர், கழகம் எல்லாம் அந்தப் பக்கம். அதோடு இன்னொரு விஷயமும் இருந்திருக்கலாம் என்பது என்னுடைய ஊகம்: இப்படியான காலங்களில் இரண்டு பக்கமும் இரத்தம் உள்ளவனிடம்தான் "நீ ஆர்?" என்ற கேள்வி ஆகக் கடுமையாகக் கேட்கப்படும். பதில் சொல்லப் பிந்தினாலே அது ஒரு பதிலாக எடுக்கப்படும். ஒரு சேர்பிய நண்பனோடு தொலைபேசியில் கதைப்பது மற்றவர்களுக்கு நட்பாக இருக்கலாம். அவருக்கு அது ஒரு சாட்சியமாகப் போயிருக்கும்.

நெட்ஸ்

நாடு உடைந்துகொண்டிருந்த அதே மாதங்களில்தான் அவருடைய விளையாட்டு மேலே போனது. 1990–91 சீசனில் போர்ட்லாண்ட் அவருக்கு ஏழு நிமிடம் மட்டும் கொடுத்தது. என்னை விட்டுவிடுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். 1991 ஜனவரி 23இல் மூன்று அணிகளுக்கிடையிலான பரிமாற்றத்தில் நியூ ஜேர்சி நெட்ஸுக்கு அனுப்பப்பட்டார். நெட்ஸ் அப்போது தோற்றுக்கொண்டே இருக்கிற அணி. 3ஆம் இலக்கச் சட்டையைப் போட்டார்.

அடுத்த கோடை முழுக்க உடம்பைக் கட்டினார். 1991–92இல் 82 மட்ச்சும் விளையாடி, ஒரு மட்ச்சுக்குச் சராசரி 20.6 புள்ளி. நெட்ஸ் 1986க்குப் பிறகு முதல் தடவையாக அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றது. 1992–93இல் சராசரி 22.3. எறிந்ததில் 51.8 வீதம் கூடைக்குள் விழுந்தது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து 44.9 வீதம். வெளியிலிருந்து எறிகிற ஒரு ஆளுக்கு இது அபாரமான கணக்கு.

இந்த எண்களுக்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அந்தச் சீசனில் 70 மட்ச்சில் அவர் எறிந்த மூன்று புள்ளி எறிகைகள் மொத்தம் 167. ஒரு மட்ச்சுக்கு இரண்டரைகூட இல்லை. இன்றைக்கு இப்படி எறியக்கூடிய ஆளை எட்டு, பத்துத் தடவை எறியச் சொல்லுவார்கள். அந்தக் காலத்துக் கோச்மாருக்கு மூன்று புள்ளி எறிகை இன்னும் ஒரு ஆபத்தான ஆசையாகத்தான் தெரிந்தது. அவர் பிழையான காலத்தில் பிறந்தார் என்று சொல்ல வரவில்லை. அவரைப்போல நாலைந்து பேர் அப்படி விளையாடிக் காட்டின பிறகுதான் காலம் மாறியது.

அந்த வருடம் லீக்கின் மூன்றாவது சிறந்த அணியில் அவருடைய பெயர் வந்தது. ஆனால் பெப்ரவரியில் நடந்த நட்சத்திர ஆட்டத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. அது அவருக்கு நல்லாக் கொதித்தது. ஒப்பந்தம் முடிகிற நேரம். ஐரோப்பாவுக்கே திரும்பிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

பார்சலோனா

நடுவில் 1992 ஒலிம்பிக். குரோஷியா ஐ.நா.வில் உறுப்பினராகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. சேர்பியாவும் மொன்டெனெக்ரோவும் சேர்ந்த புதிய யூகோஸ்லாவியா மீது மே 30இல் பாதுகாப்புச் சபை தடை போட்டது, அதில் விளையாட்டும் அடங்கியது. தனிநபர் விளையாட்டுக்காரருக்கு ஒலிம்பிக் கொடியின் கீழ் போக இடம் கிடைத்தது. அணிகளுக்கு இல்லை. ஆகவே டிவாட்ஸ் பார்சலோனாவில் இல்லை.

அரையிறுதியில் முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டணிக்கு எதிராக ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, கடைசி விநாடிகளில் இரண்டு பிரீ த்ரோ போட்டு 75–74 என்று வெல்ல வைத்தவர் பெட்ரோவிச். ஷிபெனிக்கில் 1983இல் போட்ட அதே மாதிரியான இரண்டு. இந்தத் தடவை ஒருவரும் ரத்துச் செய்யவில்லை. இறுதியில் எதிரே ஜோர்டன், மெஜிக் ஜோன்சன், லரி பேர்ட் எல்லாரும் இருந்த "ட்ரீம் டீம்". முதல் பாதியில் ஒரு கட்டத்தில் குரோஷியா 25–23 என்று முன்னுக்கு நின்றது. முடிவு 117–85. பெட்ரோவிச் 24 புள்ளி. தோல்விதான், ஆனாலும் போருக்குள் இருக்கிற புதிய நாட்டுக்கு அந்த வெள்ளி ஒரு அடையாள அட்டை மாதிரி.

யூகோஸ்லாவியா உடையாமல் இருந்திருந்தால் அந்த இறுதியில் பெட்ரோவிச், கூக்கோச், ராட்ஜாவோடு டிவாட்ஸும் நின்றிருப்பார் என்று ரசிகர்கள் இன்றைக்கும் கணக்குப் போடுவார்கள். வென்றிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த ஏக்கத்துக்கும் மட்ச் முடிவுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

ஜூன் 7

1993 ஜூன் தொடக்கத்தில் குரோஷிய அணி போலந்தின் விரொட்ஸ்வாவ் நகரத்தில் ஐரோப்பியச் சம்பியன்ஷிப் தகுதிச் சுற்றில் விளையாடியது. திரும்பும் வழியில் ஃபிராங்ஃபேர்ட்டில் விமானம் மாறவேண்டும். அணி சாக்ரெப் விமானத்தில் ஏறியது. பெட்ரோவிச் ஏறவில்லை. காரில் போவதென்று முடிவெடுத்தார். ஜூன் 7, மழை. ஜேர்மனியின் தெற்கில், டென்கென்டோர்ஃப் அருகே நெடுஞ்சாலையில், கட்டுப்பாட்டை இழந்த லொறி ஒன்று நடுத்தடுப்பை உடைத்துக்கொண்டு வந்து பாதையை மறித்து நின்றது. கார் அதில் மோதியது. முன் இருக்கையில் சீற் பெல்ட் இல்லாமல் நித்திரையாக இருந்தவர் அந்த இடத்திலேயே இறந்தார். 28 வயது.

போரில் இறக்கவில்லை. மழையில், ஒரு சாதாரண விபத்தில் இறந்தார். ஆனால் போர் நடந்துகொண்டிருந்த நாடு அவரைப் போரில் இழந்த ஒருவரைப் போலத்தான் வழியனுப்பியது. சாக்ரெப்பின் மிரோகோய் மயானத்தில் புதைத்தார்கள். இரண்டு கிழமை கழித்து, அவர் இறந்த அதே ஜேர்மனியில் நடந்த ஐரோப்பியச் சம்பியன்ஷிப்பில் குரோஷியா வெண்கலம் எடுத்தது. நவம்பரில் நெட்ஸ் 3ஆம் இலக்கத்தை இனி ஒருவரும் போடக்கூடாது என்று ஓய்வுபெறச் செய்தது. சிபோனாவின் அரங்கத்துக்கு அவருடைய பெயர். 2002இல் அமெரிக்கக் கூடைப்பந்துப் புகழரங்கில் இடம். 2001இல் விம்பிள்டன் வென்ற கோரான் இவானிசெவிச், சொந்த ஊரான ஸ்ப்ளிட்டில் தன்னை வரவேற்கக் கூடியிருந்த சனத்துக்கு முன்னால் பெட்ரோவிச்சின் நெட்ஸ் சட்டையோடு வந்து நின்றார்.

அவர் இறந்தும் பகை முடியவில்லை. 1995 ஜூலையில் ஏதென்ஸ் ஐரோப்பியச் சம்பியன்ஷிப்பில் யூகோஸ்லாவியா தங்கம், குரோஷியா வெண்கலம். தங்கம் கொடுக்கிற நேரம் குரோஷிய வீரர்கள் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்கள். ஐந்து வருடத்துக்கு முதல் அந்த இரண்டு அணியிலும் இருந்த சிலர் ஒரே மேடையில் கட்டிப்பிடித்து நின்றவர்கள். அடுத்த மாதம் குரோஷிய இராணுவம் க்னின் பகுதியைக் கைப்பற்றியது, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்பியர்கள் டிராக்டர்களிலும் வண்டில்களிலும் ஊரை விட்டு ஓடினார்கள். வுக்கோவாரைச் சொல்கிறவர்கள் இதையும் சொல்லவேண்டும்.

யாருடைய கதை

இந்தக் கதை இன்றைக்கு உலகத்துக்குத் தெரிய முக்கிய காரணம் 2010இல் வந்த "ஒன்ஸ் பிரதர்ஸ்" என்ற ஆவணப்படம். டிவாட்ஸ்தான் அதில் கதைசொல்லி. பல வருடத்துக்குப் பிறகு சாக்ரெப் தெருக்களில் நடக்கிறார், சிலர் அடையாளம் கண்டு முறைக்கிறார்கள். பெட்ரோவிச்சின் தாயையும் அண்ணாவையும் போய்ச் சந்திக்கிறார். கல்லறைக்குப் போகிறார். கல்நெஞ்சுக்காரரும் கலங்குவார்கள். பார்க்காதவர்கள் கட்டாயம் பாருங்கள்.

ஆனால் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த நட்பைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த அநேகமான விஷயங்கள் டிவாட்ஸ் சொன்னவை. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, அவரை நம்புகிறேன். என்றாலும் பெட்ரோவிச் ஏன் தொலைபேசியை எடுக்காமல் விட்டார் என்பதைப் பெட்ரோவிச் ஒருநாளும் விரிவாகச் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருக்கிறது என்று நினைத்திருப்பார். இருபது வருடம் கழிந்திருந்தால் அவரும் மன்னிப்பைப் பற்றி ஒரு படத்தில் கதைத்திருக்கலாம். அல்லது கதைக்க மறுத்திருக்கலாம், அதற்கும் அவருக்கு உரிமை இருந்தது. உயிரோடு மிஞ்சினவரின் துக்கம் மட்டும்தான் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மற்றவரின் கோபம் வந்து சேரவில்லை. அந்தக் கோபத்துக்கு ஷிபெனிக்கில் விழுந்த குண்டுகளில் நியாயமான காரணம் இருந்தது என்பதை மறந்துவிட்டு, "ஐயோ, ஒரு கொடியால் இப்படி ஆகிவிட்டதே" என்று மட்டும் அழுதால், நாங்கள் பாதிக் கதைக்குத்தான் அழுகிறோம்.

அதேபோல டிவாட்ஸை வில்லனாக்கினால் மற்றப் பாதியை விடுகிறோம். 22 வயதுப் பெடியன், தன் நாடு இன்னும் இருக்கிறது என்று நம்பி ஒரு கொடியைப் பறித்தான். பத்து மாதத்தில் அந்த நாடு உடைந்தது. அவனுடைய அந்த நம்பிக்கைக்கு நிற்க இடமில்லாமல் போனது.

1990 இறுதிப்போட்டியின் காணொளி இணையத்தில் கிடைக்கிறது. கடைசி ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். சட்டைகளில் உள்ள பெயர்களை வாசித்து இவன் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க மனம் தானாகவே முயலும். விசில் ஊதும் வரைக்கும் அப்படிப் பிரிக்காமல் பார்க்க முடிகிறதா என்று ஒருமுறை முயன்று பாருங்கள். எனக்கு இன்னும் முடியவில்லை.